மூளிக்காது

சர்க்கார் எனக்குக் கொடுத்த சைக்கிளுக்கு ஒரு காது இருந்தது. பின்சக்கரத்தின் அச்சு சட்டத்தில் உட்காரும் இடத்தில், வலதுபுறம், அச்சுக்குச் சற்றுக் கீழே கட்டைவிரல் அகலத்துக்கு ஓர் இரும்புத் தகடு நீட்டிக்கொண்டிருக்கும். அதன் நடுவில் ஓர் ஓட்டை. பிற்பாடு ஒட்டவைத்தது அல்ல, சட்டத்தோடு சட்டமாகப் பிறந்தது. எங்கள் பக்கத்தில் ஓடிய மற்ற சைக்கிள்கள் எல்லாம் இங்கிலீஷ்காரன் எல்லையிலிருந்து வந்தவை. அவற்றுக்குக் காது கிடையாது.

அப்போது நான் வில்லியனூரில் தபால்காரன். யுத்தம் வருவதற்கு முந்தின வருஷம் அது. பாலம் கட்ட வந்திருந்த ஒரு பிரெஞ்சு எஞ்சினீயர் சீமைக்குத் திரும்பியபோது தன் சைக்கிளை விற்றுவிட்டுப் போனார். அதை வாங்கி என் தலையில் கட்டினார்கள். எஞ்சினீயர் கெட்டிக்காரர். போகும்போது அந்தக் காதில் மாட்டியிருந்த இயந்திரத்தை மட்டும் கழற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டார். பின்சக்கரத்தில் சின்னதும் பெரிதுமாக மூன்று பல்சக்கரங்கள் இருந்தன. ஓடுகிற ஓட்டத்திலேயே சங்கிலியை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளிவிடுவதுதான் அந்த இயந்திரத்தின் வேலையாம். அது போனபிறகு சங்கிலியில் நாலு கண்ணியைக் குறைத்து, நடுப் பல்லிலேயே ஓட விட்டிருந்தார்கள். எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. சைக்கிள் விடக் கற்றுக்கொண்டதே அந்தத் தை மாதம்தான்.

காலையில் வில்லியனூரிலிருந்து தெற்கே உறுவையாறு என்கிற ஊருக்கு மிதித்துப் போகும்போது என் நிழலும் சைக்கிளின் நிழலும் வலதுபக்கப் புழுதியில் கூடவே வரும். அந்த நிழலில், பின்சக்கரத்துக்கு அருகில், ஒரு வெளிச்சப் புள்ளி ஓடும். காதின் ஓட்டை வழியாக வருகிற வெயில் அது. முதல் சில நாள் அதை ரசித்துக்கொண்டே போனேன். பிறகு அதைப் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன்.

உறுவையாற்றிலிருந்து சைகோனுக்குச் சொல்தாவாக, பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாயாக, போனவர்கள் இரண்டே பேர். இருவரும் அடுத்தடுத்த வீடு. நான் அந்த வட்டத்துக்கு வருமுன்பே கப்பல் ஏறிவிட்டவர்கள், இரண்டு பேரையும் நான் பார்த்ததில்லை. அதில் ஒருவன் காய்ச்சலில் இறந்துவிட்டதாகத் தந்தி வந்து, கருமாதியும் முடிந்திருந்தது. கருமாதிக்குப் பத்து நாள் கழித்து, நான் முதல்முதலாகச் சைக்கிளில் கொண்டுபோன தபாலில், அவனே எழுதிய கடிதம் இருந்தது. காய்ச்சல் வருமுன் எழுதிக் கப்பலில் போட்டது. அவன் அப்பன் படிக்கச் சொன்னார். நான் உடம்பு சுகமாக இருக்கிறேன், அறுப்பு எப்படி, என்று நானும் வாசித்தேன். யாரும் அழவில்லை. எல்லோரும் எனக்குப் பின்னால் சாய்த்து வைத்திருந்த சைக்கிளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுவாரம் அதே தெருவில் இன்னொரு வீட்டுக்குத் தந்தி. பாகூரில் கட்டிக்கொடுத்த பெண் பிரசவத்தில் போய்விட்டாள். அதையும் இந்தச் சைக்கிள்தான் கொண்டுபோனது.

அன்றைக்குத்தான் அந்த இரண்டு சொல்தாக்களில் மற்றவனின் மனைவி வெளியே வந்து, சைக்கிளைச் சுற்றி நடந்து பார்த்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். மூன்று வயதுப் பெண் குழந்தை இடுப்பில். அந்தக் குழந்தை வயிற்றில் இருக்கும்போது கப்பல் ஏறியவன் அவள் புருஷன், இன்னும் அதன் முகத்தைப் பார்க்கவில்லை. எட்டு மாதமாக அவனிடமிருந்து கடிதமும் இல்லை. அவள் குனிந்து அந்தத் தகட்டைப் பார்த்தாள்.

"இன்னாண்ணே இது, காது மூளியா இருக்குது? பொணத்துக்குத்தான் இப்புடி கழட்டுவாங்க" என்றாள்.

எங்கள் பக்கத்து ஆண்கள் கடுக்கன் போட்டிருந்த காலம் அது. மூச்சு நின்றதும் குளிப்பாட்டி, பாடையில் வைக்குமுன் கடுக்கனைத் திருகிக் கழற்றிவிடுவார்கள். மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரர்களான எங்கள் வீட்டிலும் அதே வழக்கம்தான். என் அப்பனுக்கு நான்தான் கழற்றினேன். ஓட்டை மட்டும் தெரிகிற காதைப் பார்த்தால் எங்கள் ஆட்களுக்குப் பாடைதான் ஞாபகம் வரும். ஊருக்குள் காது உள்ள ஒரே சைக்கிள் என்னுடையது. அந்தக் காதும் மூளி.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? நாலு நாளில் தெரு முழுக்கப் பரவிவிட்டது. நான் தெருவுக்குள் திரும்பினால் கதவுகள் சாத்திக்கொண்டன. ஒருநாள் தபாலைக் கொடுத்துவிட்டுக் கரும்புத் தோட்டத்து மேட்டில் ஏறித் திரும்பிப் பார்த்தேன். பெண்கள் வரிசையாக வாசலுக்கு வந்து, நான் மிதித்து வந்த தடத்தில் சாணித் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். பிணம் போன தெருவில் செய்கிற காரியம். தண்ணீர் விழுகிற சத்தம் அத்தனை தூரத்துக்குக் கேட்டது. எனக்குக் கோபம் வந்தது. நான் முன்கோபக்காரன், இன்றைக்கும்தான்.

மாசி நடுவில் அவளுக்குக் கடிதம் வந்தது. சைகோன் முத்திரை. உறையின் மேல் தமிழிலும் பிரெஞ்சிலும் கோணல்மாணலாக ஒரே கை எழுதியிருந்தது. எட்டு மாதம் காத்திருந்தவளுக்கு நல்ல சேதி கொண்டுபோகிறோம் என்று எனக்கே சந்தோஷம். வழியெல்லாம் வேகமாக மிதித்தேன். வாசலில் இறங்கிக் கூப்பிட்டு, உறையை உயர்த்திக் காட்டி, உன் வீட்டுக்காரர் கையெழுத்துதான் அம்மா என்றேன்.

அவள் முகம் மலர்ந்தது. கை நீண்டது. பிறகு சைக்கிளைப் பார்த்தாள். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"பக்கத்து வூட்டுக்கும் அவன் கையெழுத்துலதான் வந்துச்சு. இந்த வண்டியில வந்தத நான் வாங்க மாட்டேண்ணே. வாங்காத வரிக்கும் அவரு இருக்காரு."

எத்தனையோ சொன்னேன். உறையை வாசற்படியில் வைத்தேன். அவள் விளக்குமாற்றால் அதைத் தெருவுக்குத் தள்ளினாள், மெதுவாக, கிழிந்துவிடக்கூடாது என்கிற பதனத்தோடு. தள்ளும்போது அவள் கண்ணில் தண்ணீர். குனிந்து எடுத்துக்கொண்டேன்.

வாங்க மறுத்த கடிதத்தை அன்றைக்கே எழுதிக் கொடுத்துத் திருப்பி அனுப்பவேண்டும் என்பது சட்டம். நான் அனுப்பவில்லை. பையின் உள்ளறையில் வைத்துக்கொண்டேன். இந்தக் காதுக்கு ஒரு வழி பண்ணிவிட்டு, இதே சைக்கிளில் வந்து, இதே வாசலில், அவள் கையில் கொடுக்கிறேனா இல்லையா பார் என்று எனக்குள் ஒரு வீம்பு. என்னைச் சாவுக்குச் சங்கு ஊதுகிறவனாக ஆக்கிவிட்டார்களே என்ற ரோஷம்.

முதலில் சுலபமான வழியைத்தான் பார்த்தேன். பழைய போல்ட்டு ஒன்றைத் தேடி அந்த ஓட்டையில் அடித்து இறுக்கினேன். நிழலில் ஓடிய வெளிச்சப் புள்ளி போய்விட்டது. தைரியமாக உறுவையாற்றுக்குப் போனேன். ஒரு கிழவர் உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுந்து போனார். அன்று சாணித் தண்ணீர் நான் போகும் வரைகூடக் காத்திருக்கவில்லை, எதிரிலேயே தெளித்தார்கள். கடுக்கனைக் கழற்றிய பிறகு பிணத்தின் காதில் பஞ்சு வைத்து அடைப்பார்கள் அல்லவா, நான் அதைச் செய்திருக்கிறேன் என்று பிறகுதான் உறைத்தது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதை. திரும்பும் வழியிலேயே போல்ட்டைத் தட்டி எடுத்துக் கால்வாயில் எறிந்தேன்.

அப்புறம்தான் வில்லியனூர் ஸ்டேஷன் பக்கத்துச் சைக்கிள் கடைக்காரரிடம் போனேன். புதுச்சேரியில் ஒரு பிரெஞ்சுக்காரன் கடையில் பத்து வருஷம் வேலை பார்த்தவர். அதிகம் பேச மாட்டார், பேசினால் பாதி பிரெஞ்சு. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி அந்தத் தகட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, இதைப் பிரெஞ்சுக்காரன் 'பத்' என்பான் என்றார். ஆடு, நாயின் காலுக்குச் சொல்கிற சொல்லாம். அவனுக்குக் கால், நமக்குக் காது. நாமும் கால் என்றே பேர் வைத்திருந்தால் அந்தத் தெருவில் ஒருத்தியும் கதவைச் சாத்தியிருக்கமாட்டாள். காதில் மாட்டும் இயந்திரத்துக்கு என்ன பேர் என்று கேட்டேன்.

"தெராயர். ரயில தண்டவாளத்த வுட்டு எறக்குறதுன்னு அர்த்தம்" என்றார்.

ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு கேட்கிற பேச்சா அது.

இந்த இயந்திரத்தைச் சட்டத்தில் பொருத்துவதற்கு மூன்று வழி உண்டு என்று அவர் சொன்னார். சங்கிலிக்கு இணையாகப் பின்னால் ஓடும் குழாயைச் சுற்றிப் பட்டை போட்டு இறுக்கி, அதில் தொங்கவிடுவது ஒன்று. இல்லையென்றால் இயந்திரத்தோடு ஒரு தனித் தகடு வரும். அதை அச்சுக்கும் நட்டுக்கும் நடுவில் கொடுத்து இறுக்கினால் அதுவே இரவல் காதாகத் தொங்கும், இங்கிலீஷ் சைக்கிளுக்கு அதுதான். மூன்றாவது, என்னுடையதுபோலச் சொந்தக் காது. இதுதான் உறுதி, அசையாது. வம்பும் இதில்தான். ஒரு கம்பெனிக்காரன் ஓட்டைக்குள் போல்ட்டு திருகி ஏற மரை வெட்டியிருப்பான், இன்னொருவன் வெறும் ஓட்டையாக விட்டிருப்பான். ஒருவன் மரை நெருக்கம், இன்னொருவன் மரை அகலம். ஒருவன் காது அச்சுக்குக் கீழே ஒன்றரை விரல், இன்னொருவன் காது இரண்டு விரல். இயந்திரம் பின்னால் சுழன்றுவிடாமல் தடுக்க ஒருவன் காதின் ஓரத்தில் குமிழ் வைப்பான், ஒருவன் அந்தக் குமிழை இயந்திரத்திலேயே வைத்துவிடுவான். இவன் இயந்திரம் அவன் காதில் ஏறாது. வேறொருவனிடம் வாங்கப் போகக்கூடாது என்றே அப்படிச் செய்கிறார்கள் என்று எனக்குப் பட்டது.

என் சைக்கிளின் காதில் அகல மரை, குமிழ் இல்லை. அதற்குப் பிறந்த இயந்திரம் வேண்டுமென்றால் சீமைக்கு எழுதவேண்டும், கப்பல் போய் வர மூன்று மாதம். மூன்று மாதம் என்னால் பொறுக்க முடியாது என்றேன். புதுச்சேரியில் கடற்கரைப் பக்கம் ஒரு வெள்ளைக்காரர் வீட்டுச் சமையல்காரரைத் தெரியும், அங்கே உடைந்த சைக்கிள் ஒன்று கிடக்கிறது, அதில் இரவல் காதோடு ஓர் இயந்திரம் இருக்கும், வேண்டுமானால் வாங்கி வா என்றார். கூடவே, மாட்டலாம், ஆனால் அது சொன்னபடி கேட்காது என்றும் சொன்னார். நான் கேட்பதாக இல்லை. பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போய் வாங்கி வந்தேன்.

மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிற வேலைதான். கடைக்காரர் இரவல் தகட்டைக் கழற்றி எறிந்தார். இயந்திரத்தின் போல்ட்டு என் காது ஓட்டைக்குள் லொடலொடவென்று ஆடியது. பித்தளையில் ஒரு குழல் கடைந்து, வெளியே அகல மரையும் உள்ளே நெருக்க மரையும் வெட்டி, நடுவில் கொடுத்தார். குமிழுக்குப் பதிலாகக் காதின் ஓரத்தில் ஒரு சின்ன ஆப்பு. சங்கிலிக்குக் குறைத்திருந்த நாலு கண்ணியைத் திரும்பச் சேர்த்தார். ஞாயிறு மத்தியானம் வேலை முடிந்தது. கடைசியாகப் பின்னால் போய் உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, நெடுநேரம் பார்த்தார்.

"காது ஒரு அரிசி அளவு உள்ளாற மடங்கியிருக்குது. எவனோ எங்கியோ வுழுந்திருக்கான். இதோட ஓட்டுனா, தானா பல்லு மாறும்."

நிமிர்த்தித் தரச் சொன்னேன். ஒடிந்தால் சட்டமே போய்விடும், தொடமாட்டேன் என்றுவிட்டார். நானும் விட்டுவிட்டேன். பார்வைக்குப் பெரிய கடுக்கன் மாதிரி மினுமினுத்தது, எனக்கு அது போதும்.

திங்கட்கிழமை காலை புறப்பட்டேன். நல்ல வெயில், காற்றே இல்லை. வில்லியனூர் எல்லை தாண்டும் வரை சைக்கிள் சாதுவாக ஓடியது. உறுவையாற்றுத் தெரு கண்ணுக்குத் தெரிகிற சமதரையில், பல் மாற்றக் கம்பி இழுக்கிற பிடியை நான் தொடவே இல்லை, பின்னால் 'டக்' என்று ஒரு சத்தம். சங்கிலி தானாகச் சின்னப் பல்லில் விழுந்தது. மிதி கல்லாகக் கனத்தது. யாரோ பின்னால் வந்து உட்கார்ந்ததுபோல இருந்தது. காது மடங்கியிருப்பதால்தான் என்று தெரியும், கடைக்காரர் சொல்லியிருக்கிறார். தெரிந்தும் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. பிடியை இழுத்து நடுப் பல்லுக்குக் கொண்டுவந்தேன். பத்துச் சுற்று போவதற்குள் மறுபடியும் 'டக்'. தெரு முனை வரை இப்படியே. ஒரு நாயும் குரைக்கவில்லை. கடைசிக் கொஞ்ச தூரம் எழுந்து நின்று மிதித்துத்தான் போய்ச் சேர்ந்தேன்.

அவள் வெளியே வந்தாள். குனிந்து பார்த்தாள். மாட்டியிருந்த இயந்திரத்தை விரலால் தொட்டு ஆட்டிப் பார்த்தாள், ஆடவில்லை. நிமிர்ந்து முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நீட்டினாள். நான் கடிதத்தைக் கொடுத்தேன். அந்த நிமிஷம் எனக்கு இருந்த பெருமிதத்தை இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது. அவளுக்கு வாசிக்கத் தெரியாது. உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடமே தந்து படிக்கச் சொன்னாள்.

அவன் உயிரோடு இருந்தான். அதை முதல் வரியிலேயே எழுதியிருந்தான். ஆசுபத்திரியில் ஆறு மாதம் கிடந்தேன், அதனால்தான் எழுதவில்லை, இப்போது குணம் என்று. அவள் குழந்தையை இறுக்கிக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அது ஒரு தடவைதான். நான் மேலே வாசித்தேன். எங்களைப் பிரான்சுக்கு மாற்றுகிறார்கள். கப்பல் பங்குனி இரண்டாம் வெள்ளிக்கிழமை புதுச்சேரியில் ஒரு பகல் நிற்கும். ஊருக்குள் விடமாட்டார்களாம், கடல்பாலத்துக் கதவு வரைக்கும் விடுவார்களாம். பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வா. மஞ்சள் சட்டை போட்டுக் கூட்டி வா, கூட்டத்தில் எனக்கு அடையாளம் தெரியவேண்டும்.

அவள் விரல் விட்டு எண்ணினாள். இரண்டாம் வெள்ளி போய் மூன்று நாள் ஆகியிருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை நான் எங்கே இருந்தேன் என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சமையல்காரரிடம் இயந்திரத்தை வாங்கிப் பழைய காகிதத்தில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கடற்கரை வழியாக வந்தேன். கப்பல் தூரத்தில் நின்றது. பாலத்து இரும்புக் கதவுக்கு அந்தப் பக்கம் சொல்தாக்கள், இந்தப் பக்கம் ஜனங்கள், ஒரே இரைச்சல். கம்பிக்கு அந்தப் பக்கம் தனியாக நின்ற சொல்தா ஒருவர் என் தொப்பியில் இருந்த தபால் வில்லையைப் பார்த்துவிட்டுக் கையைக் காட்டிக் கூப்பிட்டு, வில்லியனூரா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

"உறுவையாத்துக்கு லெட்டருங்க எல்லாம் ஒழுங்கா போவுதாண்ணே?"

"எங்க கையில ஒரு லெட்டரும் தங்காது" என்றேன். கொஞ்சம் விறைப்பாகவே சொன்னேன். அந்தக் கடிதம் கிடந்த பை, லீவு நாளிலும், என் தோளில்தான் இருந்தது. அவர் சரி என்று தலையாட்டிவிட்டு வில்லியனூர் ரோடு வருகிற பக்கம் மறுபடி பார்க்கத் தொடங்கினார். நான் கடை சாத்துவதற்குள் போகவேண்டும் என்று நடையைக் கட்டினேன். அந்த ஊரிலிருந்து போனவர்கள் இரண்டே பேர். செத்தவன் இல்லையென்றால் அது அவர்தான்.

அவள் வாசலில், கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இது எப்போது வந்த கடிதம் என்று அவள் கேட்கவில்லை. அவளுக்கே தெரியும். விளக்குமாற்றால் தள்ளியது அவள்தானே என்று என் மனசு அப்போதும் சாக்குத் தேடியது. அதையே வாய்விட்டுச் சொல்லியும்விட்டேன், வண்டி சரியாகாமல் வாங்கமாட்டேன் என்றாயே அம்மா என்று.

அவள் கோபப்படவில்லை. கணக்குத் தப்பிப்போனதைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

"வண்டியிலதானே வேணாம்னேன். மறுநாளு நடந்து எடுத்தாந்திருந்தா வாங்கியிருப்பனேண்ணே."

வில்லியனூரிலிருந்து உறுவையாற்றுக்கு நடை ஒன்றும் பெரிய தூரம் இல்லை. சைக்கிள் வருமுன் ஒரு வருஷமல்ல, மூன்று வருஷம் நடந்தவன் நான். அந்த நாலு வாரத்தில் ஒரு நாள்கூட அது என் புத்திக்கு எட்டவில்லை.

அடுத்த வருஷம் யுத்தம் வந்தது. பிரான்சிலிருந்து அவர் இரண்டு கடிதம் போட்டார். அப்புறம் ஒன்றும் வரவில்லை, அவரும் வரவில்லை. நான் சைக்கிளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நடந்தே தபால் கொடுத்தேன். அந்தப் பெண் குழந்தை வளர்ந்து, அப்பா எப்படி இருப்பார் என்று ஒருநாள் என் எதிரிலேயே தாயைக் கேட்டது. சிவப்பா இருப்பாரு, மீசை கருகருன்னு இருக்கும் என்று தாய் சொல்லிக்கொண்டிருந்தாள். கடல்பாலத்துக் கம்பியோரம் நான் பார்த்தபோது, ஆசுபத்திரியில் கிடந்ததில் அவருடைய மீசை பாதிக்கு மேல் நரைத்துப்போயிருந்தது. நான் கைநாட்டு வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனேன்.